நண்டைப் புரட்டிப் பார்ப்பவள்

எதைக் கையில் கொடுத்தாலும் புரட்டிப் பார்ப்பாள். தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டு டம்ளரின் அடியைப் பார்ப்பாள். வாழைப்பழத்தைக் காம்பைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். ஒருமுறை எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தேன். உள்ளே அச்சடித்திருந்த பேர்களை எல்லாம் விட்டுவிட்டு, ஒன்றும் எழுதாத பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பின்னால ஒண்ணும் போடலியேட்டி" என்றாள். எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நண்டைப் புரட்டிப் புரட்டிப் பழகிப்போன கை அது.

மேலகரத்தில், குற்றாலம் போகிற ரோட்டோரம் எங்களுக்கு ஒரு மெஸ். என் வீட்டுக்காரர் கல்லாவில் இருப்பார், நான் அடுப்படியில். எங்கள் நண்டு ரசத்துக்கு அப்போது நல்ல பேர். அருவியில் குளித்துவிட்டு, தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் பல் கிடுகிடுக்க வந்து உட்காருகிறவர்கள், ஒரு டம்ளர் உள்ளே போனதும் "அப்பாடா" என்பார்கள். அந்த ரசத்துக்கு நண்டு கொடுத்தது அவள்தான். குத்துக்கல்வலசைப் பக்கம் வீடு. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நண்டு வளைக்குள் கையை விட்டுப் பிடித்து, பழைய பெயிண்ட் வாளியில் போட்டு, ஈரச்சாக்கால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். நான் அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிடுவேன். சொந்தம் எல்லாம் ஒன்றும் கிடையாது, வாய்க்கு வந்தது அப்படி. பேரை எழுதினால், "எதுக்குட்டி என் பேரச் சந்திக்கு இழுக்கே?" என்று கேட்பாள். அதனால் எழுதவில்லை.

அவளுக்கென்று மூன்று சட்டம் உண்டு. மூன்று விரலை வைத்தால் ஓடு மறைந்துபோகிற சின்ன நண்டைத் தொடமாட்டாள். முட்டையோ குஞ்சோ சுமக்கிற தாய் நண்டைத் தொடமாட்டாள். ஆனி பிறந்தால் ஆவணி பிறக்கிற வரைக்கும் எந்த நண்டையும் தொடமாட்டாள். "வாளியக் கவுத்தாச்சு" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அந்தப் பக்கம் நண்டு பிடிக்கிற ஏழெட்டுப் பேரையும் சண்டை போட்டே இதற்குள் கொண்டுவந்திருந்தாள்.

என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எங்களுக்கு ஆனியும் ஆடியும்தான் சீசன். சாரல் விழுந்து, அருவி கொட்டி, ரோடு பூராவும் வேனும் பஸ்ஸுமாக அடைத்துக்கொண்டு நிற்கிற இரண்டு மாதம். இறங்குகிறவன் எல்லாம் செருப்பைக் கழற்றுமுன் "நண்டு ரசம் இருக்கா?" என்றுதான் கேட்பான். அப்போது பார்த்துத்தான் இந்த மகராசி வாளியைக் கவிழ்ப்பாள்.

"மைனி, ஊரே வந்து நிக்கி. இப்போ கவுத்தா என் பொழப்பு என்னத்துக்கு ஆவும்?" என்று கெஞ்சியிருக்கிறேன்.

"இப்போ கவுக்கலேன்னா அடுத்த வருசம் என்னத்துக்கு ஆவும்?"

"ஒரு வாளி மைனி. ஒரே ஒரு வாளி."

"ஏட்டி, அதுக்கும் இதாம் சீசன். ஒனக்கு ஆளு வருது, அதுக்குப் பிள்ள வருது. ரெண்டு மாசம் பொறுத்தா செத்தா போவே?"

பெரிய புண்ணியவதி என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும் அவளுக்கு. "நான் என்ன புண்ணியமா சேக்கேன்? முன்னாடி வெயில் ஏறுமுன்ன வாளி நெறஞ்சிரும். இப்போ பொழுது சாயுத மட்டும் நடந்தாலும் வாளிக்கு அடி மறைய மாட்டேங்கி. வயலு பூரா பிளாட்டுக்கல்லு நட்டுட்டானுவ. மிச்சம் இருக்கதையும் நான் வழிச்செடுத்தா, நாளைக்கு எதப் பிடிக்க?" என்பாள்.

ஒரு ஆடி மாதம் என்னால் பொறுக்க முடியவில்லை. தென்காசியிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருகிறவன் ஒருவன் இருந்தான். அவனிடம் சொல்லி எங்கிருந்தோ ஒரு குண்டான் நண்டு வாங்கிவிட்டேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டுக்குக் கழனித்தண்ணி எடுக்கக் கொல்லைப்பக்கமாக வந்தவள், மூடியிருந்த குண்டானைத் திறந்து பார்த்துவிட்டாள். ஒரு நண்டை எடுத்தாள், புரட்டினாள். அதைக் கையில் பிடித்தபடியே நேராகச் சாப்பிடுகிற இடத்துக்குப் போனாள். ரசம் குடித்துக்கொண்டிருந்த ஒருவரின் இலைக்கு நேரே நீட்டினாள்.

"சார், கொஞ்சம் இதப் பாருங்க" என்றாள்.

தாய் நண்டின் அடிவயிற்றில் ஒரு மடல் இருக்கும். அதை விரலால் விலக்கிக் காட்டினாள். உள்ளே பூராவும் குஞ்சுகள். கடுகுக்கு உயிர் வந்ததுபோல் ஊர்ந்துகொண்டிருந்தன. "இம்புட்டும் பிள்ளைய. நீங்க குடிக்கதும் இதாம்" என்றாள்.

அந்த மனிதர் டம்ளரை வைத்தவர்தான், திரும்ப எடுக்கவில்லை. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான். கல்லாவில் இருந்த என் வீட்டுக்காரர் திறந்த வாயை மூடவில்லை. "நாசமாப் போறவளே, என் வாயில மண்ணப் போடவா வந்தே?" என்று கத்தினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. குண்டானில் உயிரோடு இருந்ததை எல்லாம் கழனி வாளியில் கொட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஆடி முடிகிற வரை நான் அவளிடம் பேசவில்லை. ஆவணி ஒன்றாம் தேதி காலையில் வாளியும் தலையுமாக வந்து நிற்கிறாள். "எடுத்துக்கோட்டி. பூராம் நல்லா வெளஞ்சது" என்கிறாள். ஒன்றுமே நடக்காத மாதிரி! என்ன பிறவி இவள் என்று மலைத்துப்போய் நின்றேன். ஆனாலும் எடுத்துக்கொண்டேன். அவள் கொடுக்கிற நண்டில் ஒன்றுகூடச் சோடை இருக்காது.

எனக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று இல்லை. அவள் தம்பி போலீஸில் இருந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள். லீவில் வந்தபோது கூட்டாளிகளுக்கு விருந்து வைக்க ஆசைப்பட்டு, ஆனி மாதத்தில் தானே வாய்க்காலில் இறங்கிப் பிடித்துவிட்டான். கூட்டாளிகள் எல்லாம் உட்கார்ந்திருக்க, இவள் போய் வாளியைத் தூக்கி வாய்க்காலில் கொட்டியிருக்கிறாள். "ஸ்டேஷன்ல நீ ராசா. வாய்க்கால்ல நான்தாம்லே" என்றாளாம். அவன் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அதுகூடப் போகட்டும். பெற்ற மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று, நெஞ்சில் சளி கட்டிக் கிடந்தாள். அதுவும் ஆடி மாதம். "அம்மா, ஒரு வாய் நண்டு ரசம் வச்சுத் தாயேன்" என்று மகள் கேட்டிருக்கிறாள். இவள் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு வெறும் ரசத்தை வைத்துக் கொடுத்திருக்கிறாள். மகள் என்னிடம் சொல்லி அழுதாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நண்டுப் பிள்ள பெருசா, நீங்க பெத்த பிள்ள பெருசா?" என்று கேட்டேன். "சளிதானட்டி, போயிரும்" என்றாள். அன்று அவள் குரல் கொஞ்சம் கம்மிப்போய்த்தான் இருந்தது.

இப்படிப்பட்டவள் என்னிடம் ஒரு ரகசியத்தைக் காட்டினாள் என்பதுதான் இந்தக் கதையிலேயே பெரிய அநியாயம்.

ஒரு வைகாசிக் கடைசி. கார் நெல் நடவுக்கு வயலில் டிராக்டர் இறங்கப்போகிற நேரம். டிராக்டர் இறங்கினால் வளையெல்லாம் நசுங்கிவிடும், அப்புறம் பூச்சிமருந்து வேறு அடிப்பார்கள். அதனால் வருஷா வருஷம் அதற்கு முன்பே வரப்பு வரப்பாக நடந்து, சினையாக இருக்கிற நண்டை மட்டும் எடுத்து, வேறொரு இடத்தில் கொண்டுபோய் விடுவாள். அந்த வருஷம் காலில் முள் ஏறி வீங்கிப்போய், தனியாகச் சுமந்து நடக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு போனோம். சிற்றாற்றுக்குப் போகிற ஓடை ஒன்றில், தாழம்புதருக்குப் பின்னால், வெளியே தெரியாத ஒரு மடு. ஆழமில்லை. கரையெல்லாம் வளை. தண்ணீர் அத்தனை தெளிவு. உற்றுப் பார்த்தால் கல்லுக்குக் கல் நண்டு.

"வேற யாரையும் நான் இங்கன கூட்டிட்டு வந்ததில்ல" என்றாள்.

ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் விட்டாள். நானும் விட்டேன். உள்ளதைச் சொன்னால், அன்று எனக்கு மனசு குளிர்ந்துதான் இருந்தது.

அடுத்த இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் கெடுத்தேன். ஆடி மாதத்துச் சனிக்கிழமை. ஒரு பஸ் ஆட்கள் வந்து, நண்டு இல்லை என்றதும் அப்படியே எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். வடித்த சோறு அப்படியே ஆவி பறந்துகொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மொபெட்காரன் மீனோடு வந்தான். "எங்கனயும் நண்டு கெடைக்கலக்கா. ஒங்க மைனிதாம் வயக்காட்டுல ஒண்ணுகூட விட்டு வைக்கலியே" என்றான். எனக்கு இருந்த எரிச்சலில், "ஆமா, பூராத்தையும் கொண்டுபோயி தாழம்பொதருக்குப் பின்னால அந்த மடுவுல விட்டு வச்சிருக்கா, பூசைக்கு!" என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டுச் சோற்றைக் கிளறப் போய்விட்டேன். நினைத்துச் சொன்னது இல்லை, வாய்தான் சொன்னது.

மறுநாள் விடிந்ததும் அவன் ஒரு சாக்கு மூட்டையோடு வந்தான். "ஒங்களுக்குன்னுதாங்க்கா மொதல்ல கொண்டாந்தேன்" என்று இளித்தான். சாக்கை அவிழ்த்தேன். குப்பென்று ஒரு வாடை. பூச்சிமருந்து. உள்ளே நண்டுகள் காலைக்கூட மடக்காமல் கிடந்தன. சிலதுக்குக் கொடுக்கு மட்டும் லேசாக நடுங்கியது.

"ஏலே, என்னத்தலே ஊத்துனே?"

"கொஞ்சூண்டுதாங்க்கா. நல்லா ரெண்டு தண்ணி விட்டுக் கழுவுனா போயிரும்."

மனுஷர் தின்கிற பொருள். கழுவினால் போய்விடுமாம்! கரண்டியைத் தூக்கிக்கொண்டு விரட்டினேன். "இந்தப் பக்கம் இனி வண்டியத் திருப்புனே, ஒங் கால ஒடிச்சிருவேன்" என்று கத்தினேன். கொல்லையில் குழி தோண்டி அத்தனையையும் மூடினேன். அப்புறம் மடுவுக்கு ஓடினேன்.

அவள் எனக்கு முன்பே அங்கே இருந்தாள். முழங்காலளவு தண்ணீரில் நின்று, செத்துக் கிடந்த நண்டுகளை எடுத்து எடுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. தவளைகூடச் செத்திருந்தது. அவள் செய்த காரியம்தான் என்னை உறைய வைத்தது. செத்த நண்டு ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தாள். மடலை விலக்கிப் பார்த்தாள். குஞ்சு சுமந்ததை ஒரு பக்கமும் சுமக்காததை ஒரு பக்கமுமாகப் போட்டாள். செத்ததில் என்ன பிரிவினை? யாருக்காக? அழவும் இல்லை, திட்டவும் இல்லை. கை மட்டும் அதுபாட்டுக்கு வேலை செய்தது.

"மைனி, வெளிய வாங்க. மருந்துத் தண்ணி" என்றேன்.

வந்து கரையில் உட்கார்ந்தாள். "எல்லாத்தையும் ஒரே எடத்துல கொண்டாந்து வச்சேம் பாரு. எம் புத்திய என்ன சொல்ல? நானே எலயப் போட்டுப் பந்தி வச்ச மாதிரி ஆயிட்டு" என்றாள். என்னைப் பார்த்தாள். "யாரு வேலன்னு ஒனக்கு எதுவும் தெரியுமாட்டி?"

தெரியும். ஆள் தெரியும், வண்டி தெரியும், சாக்கு என் கொல்லையில் கிடக்கிறது. ஆனால் அவன் பேரைச் சொன்னால், இடம் யார் சொன்னது என்று அவன் சொல்லுவான். பெற்ற மகளுக்கே ஒரு வாய் நண்டு ரசம் வைக்காதவள், என்னையா விடுவாள்?

"எனக்கென்ன தெரியும் மைனி" என்றேன்.

"சரி" என்றாள்.

நண்டு பிடிக்கிற ஒருவன் பின்னாலேயே வந்து பார்த்திருப்பான் என்றுதான் அவள் நினைப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று சாயந்தரம் நண்டு பிடிக்கிறவர்கள் எல்லாரையும் அவள் கூப்பிட்டாள். ஊர் விஷயம் என்று நானும் போய் ஓரமாக நின்றேன். எல்லார் முன்னாலும் தன் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, கடப்பாரையால் அடியில் ஒரு ஓட்டை போட்டாள்.

"மூணு வருசத்துக்கு நண்டு கெடையாது. மிச்சம் மீதி எங்கனயாவது ரெண்டு இருந்தா அது பெருகட்டும். என் வாளியில ஓட்டயப் போட்டாச்சு. நீங்க என்ன செய்யுதீய?"

முணுமுணுத்தார்கள். ஒருவன் "சோத்துக்கு என்ன செய்ய?" என்று கேட்டான். "எனக்கு என்ன வழியோ அதான் ஒனக்கும்" என்றாள். அவள் வாளியே ஓட்டையாகக் கிடக்கும்போது ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள்.

அவளுக்கு என்ன வழி என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. எங்கள் மெஸ் கொல்லையில் வந்து நின்றாள். "பாத்திரம் கழுவ ஆள் வேணும்னியே. நான் வாரேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரிடமும் கைகட்டி நிற்காதவள். என் எச்சில் இலையை எடுக்க வருகிறாள், அதுவும் யார் செய்த காரியத்தால்! நான் வா என்பதற்குள் அவளே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியடியில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வருஷம். பலகையில் எழுதியிருந்த நண்டு ரசத்தை நானே ஈரத்துணியால் அழித்தேன். கடல் நண்டு தருகிறோம் என்று வந்தவர்களையும் திருப்பி அனுப்பினேன். "ஒனக்கு என்னட்டி கிறுக்குப் பிடிச்சிருக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். தினமும் அவளுக்கு முதல் இலை போட்டேன். அவள் கையில் புண் வந்தால் நானே மருந்து தடவினேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் தொட்டியடி வரைக்கும் போவேன். அவள் ஒரு தட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பாள். திரும்பி வந்துவிடுவேன். என்னைப்போல் ஒரு கோழையைப் பார்த்திருக்கமாட்டீர்கள்.

மூன்றாவது வருஷம் ஆனியில் ஒரு மத்தியானம். நல்ல சாரல். "ஏட்டி, இங்கன ஓடி வா" என்று கொல்லையிலிருந்து சத்தம். என்னமோ ஏதோ என்று ஓடினேன். வாய்க்கால் பெருகி, எங்கள் கழிவுநீர் ஓடை வரைக்கும் தண்ணீர் ஏறியிருந்தது. அவள் கையில் ஒரு நண்டு. நல்ல உள்ளங்கை அகலம். புரட்டி மடலை விலக்கினாள். உள்ளே கடுகு கடுகாக ஊர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். மழைத்தண்ணீரா கண்ணீரா என்று தெரியவில்லை.

சாம்பார் வாளி ஒன்றைக் கழுவி, அதில் தண்ணீர் பிடித்து, நண்டை விட்டு, என் கையில் கொடுத்தாள்.

"நீயே கொண்டுபோயி விடு."

எனக்கு நம்ப முடியவில்லை. குஞ்சு சுமக்கிற நண்டை அவள் பக்கத்தில் நிற்காமல் வேறொரு கையில் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. "நானா? எங்கன மைனி விட?"

"எங்கன வேணா விடு. ஆனா இந்தத் தடவையாவது யாருட்டயும் சொல்லிராத, என்னா?"

வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வேற யாரையும் நான் இங்கன கூட்டிட்டு வந்ததில்ல என்று அன்று மடுவில் அவள் சொன்னது, அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரியாத இடம். மருந்துத் தண்ணீரிலிருந்து ஏறி வந்து, யாரு வேலன்னு தெரியுமாட்டி என்று என்னைப் பார்த்துக் கேட்டபோதே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் மறுநாள் வந்தாள். தெரிந்துதான் மூன்று வருஷம் என் கையால் சாப்பிட்டாள்.

"மைனி..." என்றேன்.

"போ, ஏட்டி. அது வாளியில ரொம்ப நேரம் தாங்காது" என்றாள். குனிந்து அடுத்த குண்டானை எடுத்தாள். அடியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

இப்போது அவள் மகளோடு புனலூர்ப் பக்கம் போய்விட்டாள். வயலில் மறுபடி நண்டு வருகிறது. ஆவணி பிறந்தால் எங்கள் பலகையில் நண்டு ரசம் உண்டு. ஆனி, ஆடியில் யார் வந்து கேட்டாலும் கிடையாது. அன்று சாரலில் தனியாக நடந்துபோய் அந்த நண்டை எங்கே விட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.